ஒர்லீன் அத்தையும் மூன்று கறுப்புக் கட்டைகளும்

ஒர்லீன் ஹாஸ்கின்ஸ், என் தந்தையின் தங்கை. பிறந்தது 1949 மார்ச் 9, கான்சஸ் மாநிலம், டன்மோர். அவருடைய தந்தை கோதுமைக் கிடங்கில் எடை பார்ப்பவர். பன்னிரண்டாம் வயதில் ஊரிலிருந்த பெண்பிள்ளைகள் சேவைச் சங்கத்தில் சேர்ந்தார். 1966 செப்டம்பரில், பதினேழாம் வயதில், அதன் தலைவியானார். பதவிக்காலம் நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் ஒரு பொய் சொன்னார். சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் அந்தப் பொய் உண்மையாகவே பதிவாகியிருக்கிறது. பக்கத்தை நானே பார்த்தேன். இதுவரை எழுதியவை தகவல்கள்.

இனிமேல் வருவதில் என் கருத்தும் கலந்திருக்கும்.

அந்தச் சங்கம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்பைக் கற்றுத்தருவதாகச் சொல்லிக்கொண்டது. கற்றுத்தந்த முறை இது. மண்டபத்தில் ஏழு நாற்காலிகள். கடைசி நாற்காலியில் யார் உட்காருவது என்பதை அப்போதைய தலைவி தீர்மானிப்பாள். அதன்பின் நான்கு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஒரு நாற்காலி முன்னால் நகர்வார்கள். உயிரோடு இருந்து, ஊரைவிட்டுப் போகாமலும் இருந்தால், இரண்டே ஆண்டில் ஒரு பெண் தலைவியாகிவிடலாம். இடைப்பட்ட காலத்தில் அவள் பதினொரு பக்க உரையை மனப்பாடம் செய்ய வேண்டும். மூலைகளில் வளையாமல் செங்கோணமாகத் திரும்பி நடக்க வேண்டும். வெள்ளை அங்கியின் விளிம்பு தரையிலிருந்து சரியாக ஒரு அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். இதை அளக்க, சங்கத்தை மேற்பார்வையிட்ட பெரியவரான 'அன்னை ஆலோசகர்' திருமதி லுடெல் பிராக்கன் அளவுகோலோடு முழங்காலிடுவார். அந்தச் சங்கத்தில் யாரும் யாருக்காகவும் இவ்வளவு தாழ்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சேவையும் இருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மருத்துவமனைக்கு நிதி திரட்ட ஊருக்கே பான்கேக் காலையுணவு. உறுப்பினர்கள் கையுறை அணிந்து பரிமாறுவார்கள். உள்ளே சட்டி கழுவியவள் எல்விரா எஸ்குதேரோ. இரயில் தண்டவாளம் பராமரிப்பவரின் மகள், மெக்சிகோ வழிவந்த குடும்பம், உறுப்பினர் அல்லள். இரண்டு ஆண்டுகளாகக் கழுவினாள். அத்தையும் அவளும் தோழிகளானது அந்தக் கழுவுதொட்டியருகில்தான்.

"உங்க கையுறையெல்லாம் இவ்வளவு வெள்ளையா இருக்கே, ஒர்லீன். என் கையைப் பாரு, ஏன்னு தெரியும்."

"அப்ப நீயும் சேர்ந்துடு. கையுறையை நானே வாங்கித்தரேன்."

"அடி போடி. எங்கள யாரு சேப்பாங்க?"

"நான் கேக்கறேன். தலைவி கேக்கலாம்ல?"

எல்விராவுக்குக் கையுறைமீது ஆசை இல்லை. செவிலியர் பயிற்சி மீது இருந்தது. ஊர் மருத்துவமனை ஆண்டுக்கு ஒரு பெண்ணை இலவசமாகப் பயிற்சிக்கு அனுப்பும். அந்த இடம் சங்கத் தலைவியாக இருந்தவர்களில் ஒருத்திக்கே போகும். வேறு வழியில் படிக்க அவள் வீட்டில் வசதியில்லை. அக்டோபரில் அத்தை அவளுடைய விண்ணப்பத்தை மேசையில் வைத்தார்.

திருமதி பிராக்கன் அத்தையைத் தனியாக அழைத்தார். "எல்விரா தங்கமான பொண்ணு, கண்ணு. இங்க வந்தா அவளுக்கே சங்கடம், அதுக்குத்தான் சொல்றேன்."

"ரெண்டு வருஷமா இங்கதான மேடம் வந்துட்டிருக்கா."

"பின்வாசல் வழியா வந்தா. அது வேற." பிறகு அத்தையின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி சொன்னார்: "நீ ஒண்ணும் கவலைப்படாத. பெட்டி முடிவு பண்ணும். நீ பாத்துச் சொன்னாப் போதும்."

பெட்டி என்பது மரப்பெட்டி. ஒவ்வொரு பெண்ணும் தனியாகச் சென்று அதன் துளைக்குள் கையை நுழைத்து, சம்மதமானால் வெள்ளை உருண்டையையும், மறுப்பதானால் கறுப்புக் கட்டையையும் இழுப்பறைக்குள் போடுவாள். யார் எதைப் போட்டார் என்பதை உயிர்போனாலும் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் நீக்கம். இரண்டு கறுப்பு விழுந்தால் விண்ணப்பம் தள்ளுபடி. இழுப்பறையைத் திறந்து பார்க்கும் உரிமை தலைவிக்கு மட்டும். அவள் முடிவைச் சொன்னதும் எல்லாவற்றையும் பையில் கொட்டிக் குலுக்கிவிடுவார்கள். பெரியவர்களுக்கு வாக்கு இல்லை. இத்தனை நுணுக்கத்தையும் வகுத்தது, முதுகில் குத்துபவளின் பெயர் வெளியே வராமலிருக்க. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் கண்ணியம்.

அன்று வாக்களித்தவர்கள் இருபத்திரண்டு பேர். எல்விரா வெளியே, கோட்டுகள் மாட்டும் அறையில், அக்காளிடம் இரவல் வாங்கிய காலணியோடு உட்கார்ந்திருந்தாள். அத்தை இழுப்பறையைத் திறந்தார். பத்தொன்பது வெள்ளை. மூன்று கறுப்பு.

அத்தை பின்னாளில் என்னிடம் சொன்னது இது: "தலையைத் தூக்கிப் பாத்தேன். மூணு பேரு ஏற்கெனவே சோகமா மூஞ்சிய வச்சுட்டிருந்தாங்க. நான் இன்னும் வாயே திறக்கல. அப்பத்தான் உறைச்சது. நான் பொய் சொன்னா, பொய்யுன்னு யாரு எந்திரிச்சுச் சொல்லணும்? இதுங்கதான். சொல்லணும்னா எதைப் போட்டோம்னு ஒத்துக்கணும்."

அவர் இழுப்பறையை மூடினார். மனப்பாடம் செய்த குரலில், மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னார்: பெட்டி களங்கமில்லாமல் இருக்கிறது, விண்ணப்பதாரர் ஏற்கப்பட்டார்.

யாரும் எழவில்லை. மூன்று பெண்களும் தங்கள் கண்ணியத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதே மூச்சில் அத்தை, கடைசி நாற்காலிக்காரி அந்த வாரம் விசிட்டா நகருக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், காலியான அந்த இடத்துக்கு எல்விராவை நியமித்தார். அதற்குமேல் ஒருவரும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. நாற்காலிகள் தாமாகவே நகரும் வழக்கத்தைத்தான் அந்தச் சங்கம் பெரிதும் போற்றியது.

கூட்டம் முடிந்ததும் கோட்டறை வாசலில் திருமதி பிராக்கன் நின்றிருந்தார்.

"சரியாப் பாத்தியா, கண்ணு?"

"பாத்தேன் மேடம்."

"எல்லாமே வெள்ளையா?"

"ஏன் மேடம், எத்தனை கறுப்பு இருந்திருக்கணும்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? ரகசிய வாக்கு இல்லையா?"

"அதான் நானும் சொல்றேன் மேடம். ரகசியம்."

குடும்ப ஆவணங்களைப் பேணுபவள் என்ற முறையில் பொய்யைப் பொய் என்றே எழுதுகிறேன். அத்தையும் அப்படித்தான் எழுதச் சொன்னார். ஆனால் அந்த மண்டபத்தில் ஐந்து ஆண்டுகளில் அவர் எடுத்த ஒரே முடிவு அதுதான். மீதியெல்லாம் தையல் அளவு.

திருமதி பிராக்கனின் பழிவாங்கல் அவருடைய உயரத்துக்கு ஏற்றதாக இருந்தது. விலகும் தலைவியின் படத்தை மண்டபச் சுவரில் மாட்டுவது வழக்கம். 1967 ஜனவரியில் ஆணி அடித்தாயிற்று. அதன்கீழ் தேதி பொறித்த பித்தளைத் தகடும் பதித்தாயிற்று. படம் மட்டும் சரியாக விழவில்லை என்றார். மறுபடி எடுக்கவும் நேரமில்லையாம். தகட்டில் தேதி இருந்ததால் அடுத்தவளின் படத்தை அங்கே மாட்டவும் வழியில்லை. ஒழுங்கின்மேல் உயிரையே வைத்திருந்த பெண்மணி, ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த வெற்றிடத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டியதாயிற்று.

எல்விரா 1968 செப்டம்பரில் தலைவியானார். பயிற்சிக்குப் போனார். அதே மருத்துவமனையில் செவிலியராகத் திரும்பி வந்தார். திருமதி பிராக்கனின் இடுப்பெலும்பு முறிந்தபோது அவரைத் திருப்பிப் படுக்கவைத்தவர்களில் எல்விராவும் ஒருவர். "இங்க சங்கடமா இருக்கா மேடம்?" என்று கேட்டாராம்.

சேரப் பெண்கள் இல்லாமல் 1992 ஜனவரியில் சங்கம் மூடப்பட்டது. படங்களை அவரவர் வீட்டுக்குக் கொடுத்தார்கள். எல்விரா தன் படத்தை எடுக்கப் போனபோது ஒரு சுத்தியலும் கொண்டு போனார். அத்தையின் ஆணியைப் பிடுங்கி உறையிலிட்டு அவரிடம் கொடுத்தார்.

உறை இப்போது என்னிடம் இருக்கிறது. ஆணியின் நீளம் இரண்டரை அங்குலம். வெறுமையாக இருந்த காலம் இருபத்தைந்து ஆண்டுகள்.