ஞாயிற்றுக்கிழமைத் துவாய்

என் மகள் மொன்றியலில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். பிரெஞ்சு தெரியாமல் புதிதாக வந்து இறங்கும் பிள்ளைகளின் வகுப்பு அது. பாதிக்கு மேல் ஸ்பானிய மொழி பேசுகிற பிள்ளைகள். பின்னேரம் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய்மார், இவள் எதைச் சொன்னாலும் "வுய், வுய்" என்று தலையாட்டிவிட்டுப் போவார்களாம்.

"நீங்களும் அம்மாவும் என்ர ரீச்சருக்கு முன்னால அப்பிடித்தானே நிண்டனீங்கள்," என்றாள் ஒருநாள் சாப்பிடும்போது. "எனக்குக் காய்ச்சல் எண்டு சொன்னதுக்கும் வுய். நான் ஒருத்தனுக்கு அடிச்சனான் எண்டு சொன்னதுக்கும் வுய்."

மனைவி சிரித்தா. "அடிச்சனியோ? இப்பதான் எனக்குத் தெரியும்."

அந்தச் சாப்பாட்டோடுதான் மகள் மெக்சிக்கோ போகிற கதையை எடுத்தாள். மலைப்பக்கம் ஒரு சின்ன ஊர். ஒரு குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் பேசுவதைப் பேசி ஆறு மாதம் இருந்தால் ஸ்பானிய மொழி வந்துவிடுமாம். அந்த வீட்டுக்காரர் வயலின் வாசிக்கிறவர். அந்த ஊர்ப் பாட்டுகளையும் அவரிடம் பழகலாமாம். பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத விடுமுறைக்கும் ஓம் என்றுவிட்டார்கள்.

எனக்கு விருப்பமில்லை. தனிப் பெண்பிள்ளை, தெரியாத ஊர். மனைவிதான் என்னை வாய் திறக்க விடவில்லை. "உங்கட முதுகு ஒப்பரேசனுக்குப் பிள்ளை யூனிவேசிற்றியை விட்டிட்டு வந்து நிண்டது. பேந்து எனக்கு ஏலாமல் கிடந்த வருசமும் எங்கையும் போகேல்லை. ஒருக்கால் எண்டாலும் தனக்கெண்டு ஒரு இடம் போய் வரட்டும்."

ஆவணியில், கோயில் தேர் முடிந்த கிழமை போனாள். வயலினை மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் இருந்த படம் அனுப்பினாள். இங்கே சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்களின் சங்கீத வகுப்பில் பழகிய வயலின் அது. நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, வயலின் தலையைக் காலில் முட்டக் கொடுத்து வாசிக்கிற பழக்கம்.

"அம்மா, இஞ்ச எல்லாரும் நிண்டுதான் வாசிக்கினம்," என்றாள் முதல் ஞாயிறு வீடியோவில். "நான் நிலத்தில இருந்ததைப் பாத்திட்டு, இவள் என்ன கிழங்கு சீவப் போறாளோ எண்டு கேட்டவை."

நவராத்திரி தொடங்குகிற நேரம் மனைவிக்கு வயிற்று நோ கூடியது. ஸ்கான் எடுத்தார்கள். டொக்டர் எங்களை இருத்திவைத்து மெதுவாகச் சொன்னார். புற்றுநோய் ஈரலுக்கும் போய்விட்டது. மருந்து ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் நம்பிக்கை தர ஏலாது என்றார். பிள்ளைகள் இருந்தால் வரச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். நாங்கள் இருக்கிற நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். பூசை முடிந்து சனம் பிரசாதத்துக்குப் போனபிறகு, கற்பூரத் தட்டோடு முருகனுக்கு நேரே என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினா.

"இதை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்கோ. பிள்ளை படிப்பு முடிச்சு வருமட்டும் என்ர வருத்தம் உங்கட வாயால அவளுக்குப் போகக்கூடாது."

"ஏனப்பா, கோயிலுக்குள்ள வச்சு?"

"வீட்டில வச்சுச் செய்தால் நீங்கள் மாத்திப்போடுவியள்."

உள்ளங்கையால் அணைத்தேன். கொஞ்சம் சுட்டது. நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனால் கற்பூரம் அணைத்தவன் சொல் மாறுவதில்லை. எனக்குத் தெரிந்த எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள்.

மருந்து ஏற்றத் தொடங்கி மூன்றாம் கிழமை தலைமயிர் கொட்டியது. குளித்த இடத்தில், தலையணையில், சோற்றில்கூட. மனைவிக்கு முழங்கால் வரைக்கும் மயிர் என்று எங்கள் கலியாண வீட்டில் சனம் பேசினது. மிச்சத்தை நான்தான் வழித்துவிட்டேன்.

"இப்ப பழனிக்குப் போகத் தேவையில்லை," என்றா தடவிப் பார்த்துவிட்டு.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவுக்கு என்ன செய்வது? அதற்கு அவவே வழி கண்டுபிடித்தா. பெரிய பொட்டு வைத்து, சங்கிலி போட்டு, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு குசினி யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தா. வெளிச்சம் பின்னால் இருந்தால் முகம் தெரியாது என்பது கணக்கு. "இப்பதான் பிள்ளை தலை முழுகினனான்," என்றா. அடுத்த ஞாயிறும் அதே துவாய்தான்.

மகள் தங்கியிருந்த மெக்சிக்கோ வீட்டு அம்மாவும் சில நேரம் திரைக்குள் வருவா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கும்பிடுவார்கள். அவ தன்னுடைய கோழிகளைக் காட்டுவா. மனைவி யன்னலில் வைத்திருக்கிற கருவேப்பிலைச் சாடியைக் காட்டுவா.

"அவ என்ன பிள்ளை சொல்லுறா?"

"உங்களை வடிவாம் அம்மா."

"சும்மா புளுகாதை. கோழி முட்டை இடுதோ எண்டு கேள்."

வீடியோ நின்றதும் மனைவி அப்படியே மேசையில் தலை வைத்துப் படுத்துவிடுவா. அந்த அரை மணித்தியாலத்துக்காகக் கிழமை முழுக்கச் சேர்த்து வைத்த பெலன் அது. புவாண்ட்-கிளேரில் கிடங்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து நான் ஒன்றைத்தான் மன்றாடுவேன். முருகா, என்ர வாயை நான் கட்டிப்போட்டன். நீயே அவளுக்குச் சொல்லு. கந்தசஷ்டி விரதத்தையும் அதற்காகத்தான் பிடித்தேன். பிள்ளை வர முதல் இது முடிந்துவிடக்கூடாது. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

மார்கழியில் மனைவியை ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள். அந்த ஞாயிறு, நெற் சரியில்லை என்று சொல்லி வீடியோவை விட்டோம். இரண்டு நாள் கழித்து, நான் ஆஸ்பத்திரி வாசலில் சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டு நிற்கும்போது போன் வந்தது.

"அப்பா, எயாப்போட்டில நிக்கிறன். படிப்பைக் கெதியா முடிச்சிட்டினம். அம்மா எங்க?"

படிப்பு முடிந்தது என்று அவள் சொன்னதால்தான் என் வாய் திறந்தது. இடத்தைச் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. எத்தனையாம் மாடி என்று மட்டும் கேட்டாள்.

பையும் வயலினுமாக அப்படியே வந்தாள். துவாய் இல்லாத தலையைப் பார்த்தாள். குனிந்து அந்தத் தலையில் கொஞ்சினாள்.

"படிப்பு முடிஞ்சுதோ?" மனைவிக்குக் குரல் மெத்தக் குறைந்திருந்தது.

"ஓம் அம்மா. எல்லாம் பழகியாச்சு."

"அப்ப வாசி பாப்பம்."

தாதி வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனா. மகள் கட்டிலின் காலடியில் நின்று வாசித்தாள். அவள் நின்று வாசிப்பதை அன்றுதான் பார்த்தேன். துள்ளுகிற பாட்டு ஒன்று, கலியாண வீட்டுப் பாட்டாம். அடுத்தது இழுவையான ஒன்று. அது முடிய, முதல் வாசித்ததையே திரும்பவும் தொடங்கினாள்.

மனைவி கையைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தினா. "இவ்வளவும்தானோ பிள்ளை?"

"மிச்சத்தை நாளைக்கு வாசிக்கிறன் அம்மா. நீங்கள் களைச்சுப்போனீங்கள்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தா. பேந்து கண்ணை மூடிக்கொண்டா. அடுத்த நாள் நினைவு தப்பிவிட்டது. அந்தக் கிழமை முடிய முதல் போய்ச் சேர்ந்தா. மகள் வந்தபிறகு பேச்சென்று அவர்கள் இரண்டு பேருக்குள்ளும் நடந்தது அந்த ஒரு பின்னேரம்தான்.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு முடிந்து சனம் போனபிறகு குசினியில் மகள் எனக்குத் தேத்தண்ணி போட்டாள். கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு நின்றபடியே கேட்டாள்.

"டொக்டர் எப்ப சொன்னவர்?"

"நவராத்திரி தொடங்கேக்க."

"நான் அங்க டான்சுக்கு வாசிச்சுக்கொண்டு நிண்டனான் அப்பா."

சத்தியத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு அவள் தன் பக்கத்தைச் சொன்னாள். படிப்பு முடியவில்லை. பாதியில் விட்டுவிட்டு வந்தவள். அந்த வீட்டு அம்மாதான் ஒருநாள் சோளமாவு பிசைந்துகொண்டு கேட்டாவாம், உன்னுடைய அம்மா எப்போதும் ஞாயிற்றுக்கிழமையோ தலை முழுகுகிறவ என்று. இவள் சட்டென்று இல்லை, வெள்ளிக்கிழமை என்றாளாம். சொன்ன வாயோடு டிக்கெற் தேடத் தொடங்கிவிட்டாளாம்.

உண்மைதான். கலியாணம் கட்டின நாளிலிருந்து மனைவி வெள்ளிக்கிழமை தவிர ஒருநாளும் முழுகினதில்லை. சாகிற வருத்தத்தை மறைக்க அவ்வளவு யோசித்தவவுக்கு அது மூளையில் ஓடவில்லை. எனக்கும் ஓடவில்லை. முருகன் எங்கள் மொழி தெரியாத ஒருத்தியின் வாயால் சொல்லிவிட்டான் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அதை மகளிடம் சொல்லவும் செய்தேன்.

"முருகன் ஒரு மாதம் முந்திச் சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"தெரிஞ்சால் என்னை ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாமே பிள்ளை."

"கேட்டால் நீங்கள் அம்மா சுகம் எண்டுதான் சொல்லியிருப்பியள். உங்கட வாயால பொய் கேக்க எனக்கு விருப்பமில்லை. டிக்கெற் எடுக்கிறது அதைவிடச் சுகம்."

தேத்தண்ணி ஆறிப்போனது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு அந்த வீட்டு அம்மா வீடியோவில் வந்தா. அழுதுகொண்டு நிறையப் பேசினா. மகள் எனக்கு ஒன்றையும் திருப்பிச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே சொல், "கிராசியாஸ்" என்றேன். அவ போனைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டுச் சாமிப்படங்களைக் காட்டினா. மாதா படத்துக்குக் கீழே மெழுகுதிரி எரிந்தது. அதற்குப் பக்கத்தில் என் மனைவியின் படம். வீடியோவில் பேசும்போது பிடித்து வைத்த படம். பெரிய பொட்டு, சங்கிலி, தலையில் துவாய்.

மகள் எழும்பி மற்ற அறைக்குப் போய்விட்டாள்.

மெக்சிக்கோவுக்கு அவள் திரும்பப் போகவில்லை. பள்ளிக்கூடம் போகிறாள். அந்தத் தாய்மாரோடு இப்போது ஓரளவுக்குக் கதைக்கிறாளாம். மெற்றோவுக்குக் கிட்ட ஒரு வீடு எடுத்துத் தனியே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். "எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்டால் "நான் சுகம் அப்பா" என்பாள். அந்தச் சொல்லை நம்ப எனக்கு இப்போது வழியில்லை. நான் சுகம் என்று சொன்னால் நம்ப அவளுக்கும் வழியில்லை.

அதனால் வீடியோவைப் போடச் சொல்லிக் கேட்பேன். முகம் வந்ததும் என் கண் அவளுடைய தலைக்குத்தான் போகும். முதல் சில கிழமை அவள் பார்த்தும் பாராதமாதிரி இருந்தாள். போன ஞாயிறு, நான் கேட்க முதலே வீடியோவைப் போட்டாள். கிளிப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, மயிரை முன்னால் எடுத்துவிட்டாள். சிரிக்கவில்லை.

"பாத்தீங்களோ அப்பா? இனி உங்கடையைக் காட்டுங்கோ."

நான் குளிருக்குப் போட்டிருந்த தொப்பியைக் கழற்றி நரைமயிரைக் காட்டினேன்.