குளிர்ச்சியாக வைத்த மருந்து

எங்கள் வரிசை வீடுகளில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மிச்சம்’ என்றால்தான் தெரியும். எதைச் செய்தாலும் கடைசியில் “இதுல கொஞ்சம் மிச்சமாகும்ல” என்பாள். அதில் ஒட்டிக்கொண்ட பெயர். பற்பசை டியூப்பைக் கத்தரியால் கிழித்து வழித்தெடுப்பாள். தேய்ந்துபோன சோப்புத் துண்டுகளைப் பழைய காலுறைக்குள் போட்டு முடிந்து, அதையே இன்னும் ஒரு வாரம் ஓட்டுவாள்.

“அக்கா, நீங்க மூச்சைக்கூட பாதிதான் விடுவீங்க போல” என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி, ஒரே சுவர். அந்த உரிமை எனக்கு உண்டு.

“விட்டா திரும்பி வருதா என்ன?” என்று சிரித்துவிட்டுப் போவாள்.

அவளைக் கஞ்சப்பிசினாறி என்றவர்களும் இருந்தார்கள். எனக்குக் கோபம் வரும். கஞ்சனிடம் பூட்டி வைக்க ஏதாவது இருக்கும். இவளிடம் என்ன இருந்தது? ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிக்கிற வேலை. நாள் முழுக்க நீராவியில் நின்று, கை சிவக்க வீடு திரும்புவாள். அந்தச் சம்பளம் ஒன்றுதான் குடும்பத்துக்கு. அவள் புருஷன் வீடுகளுக்கு பெயின்ட் அடிக்கிறவர். சர்க்கரை வியாதி முற்றி, பாதத்தில் வந்த புண் ஆறாமல், ஏணி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டார். மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். வாய் மட்டும் ஓயாது.

இனி மாத்திரைக்குக் கட்டுப்படாது, ஊசிதான் என்று பொது ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இன்சுலின் இலவசமாகவே கிடைத்தது. “குளிர்ச்சியா வைங்க, சூடு பட்டா கெட்டுடும்” என்று சொல்லிக் கொடுத்தார்கள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

எங்கள் வீடுகளுக்குத் தகரக் கூரை. மத்தியானத்தில் குடத்துத் தண்ணீரே வெதுவெதுவென்று இருக்கும். அக்கா யோசிக்கவில்லை. சலவைப் பிரிவில் சம்பள முன்பணம் வாங்கி, இடுப்பளவு உயரத்தில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் வாங்கிவந்தாள். அவள் கணக்குப் பார்க்காமல் வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

“மருந்துக்கு ஏசி ரூம், நமக்குத் தகரக் கொட்டகையா? நல்லா இருக்குடி நியாயம்!” என்றார் மாமா. வரிசையே சிரித்தது.

முதல் மாதம் ஊசி நன்றாகவே வேலை செய்தது. மாமா முகத்தில் தெளிவு வந்தது. பொதுக் குழாயடி வரை நடந்து வந்து வம்பு பேசினார். புண்ணும் காய ஆரம்பித்தது. அடுத்த மாதம் சின்னச் சின்ன பெயின்ட் வேலைக்குப் போகலாம் என்றுகூடப் பேச்சு வந்தது.

அப்புறம் மின்சார பில் வந்தது. அக்கா அதைப் பார்த்தபடியே வாசலில் உட்கார்ந்திருந்தாள். கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். கட்டினால் அரிசி வாங்க முடியாது.

மறுநாள் அவள் முகம் மலர்ந்திருந்தது. “சாயங்காலம் வந்து போட்டு, காலையில வேலைக்குப் போறப்ப அணைச்சுட்டா பாதி கரண்ட்தான் ஆகும். மருந்தை மேல ஐஸ் பெட்டியில வச்சுட்டா, ஐஸ் உருகுற வரைக்கும் சூடே ஏறாது. எப்படி நம்ம மூளை?” என்றாள். அந்த வரிசையில் யாரைக் கேட்டிருந்தாலும் பலே என்றுதான் சொல்லியிருப்பார்கள். காலையில் அந்தச் சின்ன பாட்டிலை எடுக்கும்போது கல்லாக உறைந்திருக்கும். உள்ளங்கைகளுக்குள் வைத்து உருட்டி, கரைந்ததும் ஊசி போட்டுவிட்டு வேலைக்கு ஓடுவாள்.

மாமாவுக்கு மறுபடியும் சர்க்கரை ஏறியது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், சட்டை தொளதொளத்தது, புண் திறந்துகொண்டது. வாயைக் கட்டச் சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கடிந்து, ஊசியின் அளவையும் கூட்டிக் கொடுத்தார்கள்.

சுவர் வழியாகச் சண்டை கேட்கும். “டீக்கடையில சர்க்கரை போட்டுக் குடிச்சீங்களா, இல்லையா?”

“சத்தியமா இல்லடி.”

“அப்ப எப்படிங்க ஏறும்? நான் அங்க வெந்து சாகுறேன், நீங்க நாக்கை அடக்க மாட்டீங்க!”

டீக்கடைக்காரரிடமும் போய்ச் சத்தம் போட்டாள். அவர் பாவம், சர்க்கரை போட்டதே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். மாமா அதற்குப் பிறகு கடைப் பக்கமே போகவில்லை. பேச்சும் நின்றுபோயிற்று. அவ்வளவு பேசிய மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார்.

ஒருநாள் அவர் கண் திறக்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். வார்டில் ஒரு சின்ன வயது நர்ஸ் விவரம் கேட்டு எழுதினாள். மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்றாள்.

“ஐஸ் பெட்டியில சிஸ்டர். ஒருநாள்கூட சூடு பட விட்டதில்ல. கல்லு மாதிரி இருக்கும், கையில வச்சு உருக்கித்தான் போடுவேன்.” அக்கா அதைப் பெருமையாகச் சொன்னாள்.

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினாள். “ஒருதடவை உறைஞ்சுட்டாலே அந்த மருந்து வேலை செய்யாதும்மா. தண்ணியைப் போட்ட மாதிரிதான்.”

“குளிர்ச்சியா வைக்கச் சொன்னீங்களே.”

“குளிர்ச்சியாதாம்மா சொன்னோம். உறைய வைக்கச் சொல்லலையே.”

“அதைவிடக் குளிர்ச்சியான இடம் என் வீட்டுல இல்லையே சிஸ்டர்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? அந்த நர்ஸுக்கே கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் மாமாவுக்குக் கொஞ்சம் நினைவு திரும்பியது. அக்கா கட்டில் ஓரமாகக் குனிந்து, “நீங்க சர்க்கரை சாப்பிடலைங்க. நான்தான் மருந்தைக் கெடுத்துட்டேன்” என்றாள்.

அவர் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். “இப்பவாவது நம்புறியே” என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மறுநாள் போய்ச் சேர்ந்தார்.

வீடு கொள்ளாமல் ஆட்கள் வந்தார்கள். யாருக்கும் விஷயம் தெரியாது. வந்தவர்கள் எல்லாம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்னை மாதிரி யாரு பார்த்துக்குவா? ஒரு வேளை ஊசியாவது தவறவிட்டிருப்பியா நீ?” என்றே அழுதார்கள். அவள் அழாமல் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவரும் அப்படிச் சொல்லும்போது அவள் தோள் ஒருமுறை குறுகியது.

என்னை அருகில் வரச்சொல்லிச் சைகை காட்டினாள். குனிந்தேன். “அவங்களை அப்படிச் சொல்ல வேணாம்னு சொல்லேன்” என்றாள்.

நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். வருகிறவர்களிடமெல்லாம், ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று சொன்னேன்.