கோபம் ஆறுமுன் போட்ட புள்ளி

எங்கள் காரியாலயத்துக்குப் புள்ளி போடப் போகிறார்கள் என்று பணிப்பாளர் சொன்னபோது புஷ்பராணி மிஸ் சிரித்தார். "நாம எப்ப சேர் பரீட்ச எழுதினோம்?" என்றார். ஒரு மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆராய்ச்சி உதவிக் காரியாலயம் அது. விரிவுரையாளர்கள் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு எழுதும் புரொபோசல்களைச் சரிபார்த்து அனுப்புவது எங்கள் வேலை. நாவலப்பிட்டிக்காரரான மிஸ்தான் அவற்றைப் பார்ப்பார். நான் பைல் தூக்குகிறவன். பன்விலத் தோட்டத்தில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, பேக்கரி, பஸ் என்று அலைந்து, சில நாள் பட்டினியும் கிடந்து அங்கே வந்து சேர்ந்திருந்தேன்.

மிஸ்ஸுக்கு ஒரு பழக்கம். குறை கண்டால் தானே திருத்த மாட்டார். சிவப்புப் பேனாவால் கேள்வி எழுதி, எழுதியவருக்கே திருப்பிவிடுவார். நான்தான் ஏற்றம் ஏறிக் கொண்டுபோவேன். முதல் திட்டும் எனக்குத்தான்.

ஒருநாள் டொக்டர் சிவநேசன் தன் பைலோடு நேரே இறங்கி வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் உடல்நலம் பற்றி ஆராய இருந்தவர்.

"காலமை பத்து மணிக்குப் பெண்களோட கதைக்கிறது எண்டு எழுதினதில என்ன பிழை?"

"அந்நேரம் மலையில கொழுந்து எடுப்பாங்க சேர். எறங்கி வந்தா அரைப்பேர்னு அரைநாள் கணக்குத்தான் போடுவாங்க. ஒங்க கேள்விக்காக யாரு பாதிச் சம்பளத்த விடுவா?"

"அப்ப பின்னேரம் எண்டு நீங்களே மாத்தியிருக்கலாமே!"

"நேரம் மாறினா வாகனச் செலவு, ஆள், எல்லாம் மாறும். போகப்போறது நீங்க. நீங்களே எழுதுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அடுத்த தடவை, தோட்டத்துத் துரையின் அனுமதிக் கடிதம் இல்லையென்று மறுபடியும் திருப்பினார் மிஸ்.

விண்ணப்ப முடிவுத் திகதி கழிந்த கையோடு எல்லா விரிவுரையாளருக்கும் கேள்வித்தாள் போனது. காரியாலயத்தின் சேவை திருப்தியா, ஐந்துக்கு எத்தனை? எங்களுக்கு இரண்டு கிடைத்தது. வந்ததை அப்படியே உறையில் போட்டு அனுப்பிய இன்னொரு பீடத்துக் காரியாலயத்துக்கு நாலரை.

"மிஸ், உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறதும் இந்தப் புள்ளியைப் பார்த்துத்தான்," என்றார் பணிப்பாளர். மிஸ்ஸின் மகளுக்கு அப்போதுதான் கண்டியில் பள்ளிக்கூடம் கிடைத்து, வீடும் மாறியிருந்தார்கள்.

ஒப்பந்தத்தை முடிவுசெய்யும் கொமிட்டி கூடுமுன் புரொபோசல்களின் முடிவுகள் வந்தன. டொக்டருக்குப் பணம் கிடைத்தது. கேக் பெட்டியோடு வந்தவர், மிஸ் அலுமாரியை ஒழிப்பதைக் கண்டு என்னிடம் விசாரித்தார். புள்ளி விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க எத்தன சேர் போட்டீங்க?"

"ஒண்டு," என்றார். கேக் பெட்டியை என் கையில் தந்துவிட்டு நேரே, கேள்வித்தாள் அனுப்பிய மதிப்பீட்டு அதிகாரியிடம் போனார். நானும் பெட்டியோடு பின்னால் போனேன்.

"புள்ளிகள் முடிஞ்சு போச்சு டொக்டர், மாத்த ஏலாது," என்றார் அதிகாரி.

"மாத்தச் சொல்லேல்ல. ஊசி குத்தேக்க கேட்டா நேர்சைத் திட்டத்தான் செய்வினம். சுகமானாப் பிறகு கேளுங்கோ!"

அதிகாரி யோசித்தார். பிறகு அதே ஆட்களுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினார்: உங்கள் அடுத்த புரொபோசலை முதலில் யாரிடம் காட்டுவீர்கள்? பணம் கிடைக்காதவர்கள்கூடப் பெரும்பாலும் மிஸ்ஸின் பெயரையே எழுதியிருந்தார்கள்.

கொமிட்டி ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. கூடவே, பணிவு போதாது என்று ஒரு குறிப்பும் போட்டது. அடுத்து வந்த புரொபோசலின் தலையில் மிஸ் சிவப்புப் பேனாவால் "தயவுசெய்து" என்று பெரிதாக எழுதினார். கீழே வழக்கமான கேள்விகள். திருப்பி அனுப்பினார்.

பிறகு நானும் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. ஆனால் மழையில் பைலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறிய நாட்களை நினைத்தால் இன்னும் ஆசையாக இருக்கிறது. புள்ளி போடும் வேலைக்கு வரும் பிள்ளைகளே, எங்களை அளக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பைல் திரும்பி வந்த ஆளிடம் அன்றைக்கே போய்க் கேட்காதீர்கள். அடுத்த தடவையும் அவர் எங்களிடமே வருகிறாரா என்று பாருங்கள்.