விட்டோமிரின் நாற்காலி

தெசாங்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஸ்மெதெரெவோ ஊரே சொல்லும். சொல்லட்டுமே! காலமெல்லாம் ஹோட்டல் அடுப்படியில் வெந்தவளுக்குக் கோபம் வராமல் கொஞ்சலா வரும்?

அவள் சமைத்ததைப் பரிமாறியவன் அவள் கணவன் விட்டோமிர். மார்ச்சில் நெஞ்சுவலி வந்து போய்விட்டான். வேலை முடிந்து அவன் உட்காரும் ஜன்னலோர நாற்காலியை, நாற்பதாம் நாள் காரியம்வரை யாரும் தொடமாட்டார்கள். எதிரே சின்னக் கிளாஸில் பிளம் சாராயம். செத்தவன் பங்கு அது. மொடாக்குடியன்கூட அதில் கை வைக்கமாட்டான்.

அந்த நேரம் பார்த்தா பெல்கிரேடிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து இறங்க வேண்டும்? ஹோட்டலிலேயே நடக்கும் சிரிப்புப் படமாம், ஒரு பட்டாளமே நடிக்கிறதாம். முதலாளி ராதிஸாவ் பல்லை இளித்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டான்.

"அந்த நாற்காலியத் தொடக் கூடாதுன்னு அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்கா. சும்மா நச்சரிக்காத."

சொல்லவில்லை, படுபாவி.

முதல் நாளே ஒரு குண்டு நடிகன் அதில் பொத்தென்று உட்கார்ந்து, சாராயத்தை ஒரே மடக்கில் குடித்து, பெரிதாக ஏப்பம் விட்டான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தெசாங்கா கரண்டியோடு பாய்ந்து வந்தாள்.

"எடுபட்ட பயலே! செத்தவன் பங்கையாடா குடிக்கிற? உன் வீட்டுல சாவே விழுந்ததில்லையா?"

நடிகன் பதறி எழுந்து, மேஜையோடு மல்லாந்து விழுந்தான்.

"ஐயோ, ஷூட்டிங் சாமான்னு நெனச்சேம்மா! மன்னிச்சிடுங்க!" பாவம், அவன் நிஜமாகவே அழுதான். டைரக்டருக்கோ வாயெல்லாம் பல்.

"பிரமாதம்மா! என்னா கோபம்!"

"எடுத்தத அழிச்சிரு."

"கண்டிப்பா அழிச்சிடறேம்மா."

இலையுதிர்காலத்தில் படம் ஊர்க் கொட்டகைக்கு வந்தது. கடைசி வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்தும் அவளுக்கு நிம்மதி இல்லை. திரையில் கரண்டியும் கையுமாக அவளே நின்றாள். அவள் பேச்சை அடியோடு எடுத்துவிட்டு, அதன்மேல் பேண்டு வாத்தியத்தைப் போட்டிருந்தார்கள். வாயைத் திறந்து திறந்து மூடும் ஒரு கிழவி, அவ்வளவுதான். கொட்டகை அதிரச் சிரித்தது. விட்டோமிர் கையால் சாப்பாடு வாங்கித் தின்ற ஊர்! ராதிஸாவ் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

தெசாங்கா எழுந்தாள். விறுவிறுவென்று நடந்து போய் முதல் வரிசைக்கு முன்னால் நின்றாள்.

"அவன் குடிச்சது என் விட்டோமிரோட பங்குடா! அதுக்குத்தான் கத்துறேன்! இப்பச் சிரிங்களேன் பார்ப்போம்!"

சிரிப்பு நின்றது. பேண்டு மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது. ராதிஸாவ் தலையைத் தொங்கப்போட்டான். அவள் உட்காரவில்லை. படம் முடியும்வரை திரைக்கு நேரே நின்றாள். மறைக்கிறது, தள்ளு என்று ஒருவரும் சொல்லவில்லை.