எட்டு நிமிடம், கிழக்கிலிருந்து

ரயில்வே கேட்டின் இரு புறமும் குடியிருந்தவர்கள் அவரை நிமிஷக்காரர் என்றே அழைத்தார்கள். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் உண்டு. மாதத்தில் ஒரு நாளுக்கு மேல் அது யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

கேட் கீப்பர் உத்தியோகத்தில் அவருக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஓய்வுக்குப் பதினான்கு மாதங்கள் மிச்சம். பத்தடிக்கு எட்டடி அறை. மேசை, தொலைபேசி, பதிவேடு, ஆணியில் மாட்டிய இரண்டு கொடிகள், முதுகு தேய்ந்த ஒரு நாற்காலி. மணி அடித்தால் நிலைய அதிகாரி வண்டியின் எண்ணையும் திசையையும் சொல்வார். இவர் அதைத் திருப்பிச் சொல்லி, பதிவேட்டில் எழுதி, வெளியே வந்து கைப்பிடியைச் சுழற்றுவார். இரு புறத்துக் குறுக்குக் கம்பங்களும் ஒன்றாக இறங்கும். பூட்டி, சாவியைக் கொண்டுவந்து அறைக்குள் இருக்கும் இரும்புப் பெட்டியில் செருகித் திருப்பினால்தான் வண்டிக்குச் சிக்னல் விழும். கேட் திறந்திருக்க வண்டி வருவது என்பது நடவாத காரியம். விதி அவ்வளவு கச்சிதமாக எழுதப்பட்டிருந்தது.

அந்தக் கச்சிதத்தின் சுமை மக்கள் தலையில் விழுந்தது. கம்பம் இறங்கிய பின்பு எட்டு நிமிடம், சரக்கு வண்டியானால் பதினான்கு நிமிடம், போக ஒன்று, வர ஒன்று என்றிருந்த இரண்டு தண்டவாளங்களும் வெயிலில் வெறுமனே கிடக்கும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒன்றும் வராது. அப்புறம் யார் நிற்பார்கள்?

"என்ன சார், கேட்டை மூடிட்டு அதுக்கப்புறம்தான் வண்டிக்கு லெட்டர் போட்டு வரச் சொல்றீங்களா?" என்பார் ஒருவர். இன்னொருவர் அதற்குச் சிரித்துக்கொண்டே கம்பத்துக்கு அடியில் குனிந்து மறுபுறம் போய்விடுவார்.

நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. முதலில் எச்சரிக்கைப் பலகை வைத்தது. பிறகு அபராதத்தைச் சொல்லும் பலகை. அதன்பின் யாரும் குனிய முடியாதபடி கம்பத்திலிருந்து தரை வரை வலை தொங்கவிட்டது. மூன்றாம் நாளே அந்த வலையில் ஆள் நுழையும் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. அறுத்தது யார் என்று கேட்டு வந்த ரயில்வே ஆய்வாளரிடம், "எலியா இருக்கும் சார்" என்று ஒருவர் முகம் மாறாமல் சொன்னார்.

நிமிஷக்காரரும் தொடக்கத்தில் கத்திப் பார்த்தவர்தான். பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், தோளில் கேஸ் சிலிண்டருடன் ஒருவன் குனிந்து கடந்தான். அவன் முதுகைத் தொட்டுவிடுவதுபோல விரைவு வண்டி போயிற்று. இவர் ஓடிப்போய்த் திட்டியபோது அவன், "என் உயிர், என் இஷ்டம். நீங்க உங்க கம்பத்தைப் பாருங்க" என்றான். அவர் அன்று வெகுநேரம் யோசித்தார். குனிகிறவர்கள் குனிந்தே தீருவார்கள். விதி அவர்களைத் தடுக்கவில்லை; வலை தடுக்கவில்லை; பயம்கூடத் தடுக்கவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு போவதைவிட விவரம் தெரிந்தாவது போகட்டும் என்று முடிவு செய்தார்.

மறுநாளிலிருந்து கேட்டைப் பூட்டியதும் வாசலில் நின்று அறிவிக்கத் தொடங்கினார். "பாசஞ்சர், கிழக்கேருந்து. எட்டு நிமிஷம் இருக்கு. சைக்கிள்காரங்க இறங்கித் தள்ளிட்டுப் போங்க." எட்டு என்றால் எட்டுதான். மூடுபனி நாளில் இரண்டைக் குறைத்துச் சொல்வார். பதினோரு ஆண்டுகளில் அந்தக் கேட்டில் ஒருவர் மேலும் ஒரு கீறல் விழவில்லை. அதில் அவருக்கு வெளியே காட்டிக்கொள்ளாத ஒரு பெருமை இருந்தது.

செய்தி ஆய்வாளர் காதுக்குப் போயிற்று. வந்து கண்டித்தார்.

"நீங்க நேரம் சொல்றது, போங்கன்னு சொல்ற மாதிரிதானே?"

"போங்கன்னு நான் சொல்றதில்லை சார். மிச்சம் எவ்வளவுன்னுதான் சொல்றேன். அவங்களுக்கும் புத்தி இருக்கில்ல?"

"புத்தி இருந்தா ஏன்யா குனியறாங்க?"

அதன் பிறகும் அவர் பழக்கத்தை விடவில்லை.

நாள் தவறாமல் குனிந்தவர்களில் ஒரு தையல்காரி இருந்தாள். கேட்டுக்கு அப்பால் பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை. ஒன்பது மணிக்குக் கூடத்தின் கதவைச் சாத்திவிடுவார்கள். ஐந்து நிமிடம் பிந்தினால் அரை நாள் போயிற்று. எட்டே முக்காலுக்கு வரும் பாசஞ்சரோ அவளுக்கென்றே நேரம் குறித்ததுபோல வரும். சைக்கிளின் பின்னால் வெட்டிய துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு வருவாள். "அண்ணே, எவ்வளவு?" என்பாள். "எட்டு, கிழக்கேருந்து" என்பார். சைக்கிளைச் சாய்த்து முதலில் உள்ளே தள்ளி, பிறகு தான் நுழைந்து, கிழக்கே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். ஆறு ஆண்டுகளாக இவர்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

அன்றைக்கும் அப்படித்தான் கேட்டாள், அப்படித்தான் சொன்னார். ஆனால் குனியும்போது மூட்டையின் கயிறு அவிழ்ந்தது. அவள் நின்று அதை மறுபடி கட்டத் தொடங்கினாள். எட்டு நிமிடம் இருக்கிறதே, என்ன அவசரம்?

அப்போது அறைக்குள் தொலைபேசி மறுபடி அடித்தது. பெட்டிகள் இல்லாத வெறும் எஞ்சின் ஒன்று மேற்கிலிருந்து இரண்டாம் தண்டவாளத்தில் வருகிறது என்றார் நிலைய அதிகாரி. கேட் ஏற்கெனவே பூட்டியிருந்ததால் அதற்கு முன்கூட்டியே சிக்னல் விழுந்திருந்தது; புதிதாகச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நேரம் குறித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். விதிப்படி அவர் இரண்டையும் செய்தார். முக்கால் நிமிடம் ஆகியிருக்கும். பேனாவை வைத்துவிட்டு அவர் வாசலுக்கு வந்தபோது தையல்காரி இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் இருந்தாள். முகம் கிழக்கே திரும்பியிருந்தது.

"மேற்கே! மேற்கே பாரும்மா!"

எஞ்சினும் அதே நேரத்தில் ஊதியது. அவள் சைக்கிளை விட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தாள். எஞ்சின் சைக்கிளைத் தூக்கி எறிந்தது; அந்தச் சைக்கிளின் இரும்பு அவளுடைய வலது கணுக்காலில் வந்து அடித்தது. நீலத் துணித் துண்டுகள், சட்டைக் கையும் காலரும் பையுமாக, ஜல்லிக் கற்களின் மேல் நெடுந்தூரம் சிதறிக் கிடந்தன.

மறுநாள் ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் சரிபார்த்தார். கேட் பூட்டியிருந்ததா? இருந்தது. சாவி பெட்டியில் இருந்ததா? இருந்தது. இரண்டு வண்டிகளும் பதிவேட்டில் ஏறியிருந்தனவா? நொடி பிசகாமல். டிரைவர் ஊதினாரா? ஊதினார்.

"உங்க மேல ஒரு தூசு இல்லை. எல்லாம் அந்தம்மாவோட சொந்தப் பொறுப்பு. வாக்குமூலத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க, முடிஞ்சுது" என்றார்.

நேரம் சொன்னதைப் பற்றி அவர் கேட்கவில்லை. தாளில் அதற்கு இடமும் இல்லை.

"நாளைக்குப் போடறேன் சார். கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்" என்றார் நிமிஷக்காரர். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது.

வீட்டில் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். முப்பது ஆண்டுக் குடித்தனத்தில் அவர் முகத்தை அவள் பதிவேட்டைவிடத் தெளிவாகப் படிக்கக் கற்றிருந்தாள்.

"என்ன எழுதலாம்னு யோசிக்கிறீங்க?"

"நடந்ததைத்தான்."

"நடந்தது என்ன? கேட்டை மூடினீங்க. அவ குனிஞ்சா. அவ்வளவுதானே? இன்னும் பதினாலு மாசம். அதுவரைக்கும் வாயைக் கொஞ்சம் பூட்டி வச்சுக்கிட்டு இருங்க."

"நான்தானே கிழக்கேன்னு சொன்னேன்."

"சொல்லாதீங்கன்னு நான் எத்தனை தடவை சொன்னேன்? கூலியா கொடுத்தாங்க உங்களுக்கு? ஊர்ல இருக்கிற உயிரை எல்லாம் நீங்கதான் காப்பாத்தணும்னு யாராவது கேட்டாங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். சாப்பாடு எப்போது முடிந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் பணிக்குப் போகும் முன் மருத்துவமனைக்குப் போனார். வரிசையாகப் பன்னிரண்டு கட்டில்கள். சன்னல் ஓரத்தில் அவள். காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு உயர்த்தி வைத்திருந்தார்கள். எலும்பில் இரண்டு இடத்தில் முறிவு. நடக்கலாம், ஆனால் மெஷினின் மிதியை நாள் முழுக்க அழுத்தும் வேலைக்கு அந்தக் கால் இனி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வாங்கண்ணே. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க, ஒரு கால் ஆடும், பார்த்து."

"போலீஸ் வந்தாங்களா?"

"வந்தாங்க. அத்துமீறி நுழைஞ்சேன்னு கேஸாம். நானாத்தான் குனிஞ்சேன்னு சொல்லிட்டேன். உங்க பேச்சையே எடுக்கலை." குரலைத் தாழ்த்தினாள். "நீங்க எதுவும் உளறி வைக்காதீங்க."

"நான் சொன்னதை நம்பித்தானே நீ போனே?"

"அட, நீங்க சொல்லலைன்னாலும் குனிஞ்சிருப்பேன். ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தறவன் உங்களைக் கேட்டா சாத்தறான்? என் காலு, என் அவசரம்."

"குனிஞ்சிருப்பே. ஆனா ரெண்டு பக்கமும் பார்த்திருப்பே."

அவள் போர்வையின் ஓரத்தை விரலால் மடித்து மடித்துத் தையல் போடுவதுபோல நீவினாள். "ஆமாண்ணே" என்றாள் கடைசியில். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல ரெண்டு பக்கமும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்புறம்தான் விட்டுட்டேன்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்துக் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அவர் ஸ்டூலைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு எழுந்தார்.

அன்று மாலை ஆய்வாளர் முன்னிலையில் வாக்குமூலத்தின் கீழே தம் கையால் நான்கு வரி சேர்த்து எழுதினார். வண்டி வரும் நேரத்தையும் திசையையும் பதினோரு ஆண்டுகளாகத் தாம் வாய்மொழியாக அறிவித்து வந்ததாகவும், விபத்தன்றும் அவ்வாறே அறிவித்ததாகவும், அதை நம்பியே அப்பெண் ஒரு திசையை மட்டும் பார்த்ததாகவும் அந்த வரிகள் கூறின. எழுத்து எப்போதும்போல ஒழுங்காக இருந்தது.

ஆய்வாளர் படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இதனால அந்தம்மாவுக்கு என்னய்யா லாபம்? கேட் மூடியிருந்துது, அவங்க நுழைஞ்சாங்க. சட்டத்துக்கு அது போதும். நீங்க சொன்னா என்ன, காக்கா சொன்னா என்ன? கேஸ் அப்படியேதான் நிக்கும். மாட்டிக்கப்போறது நீங்கதான். வேற தாள் தரட்டுமா?"

"வேண்டாம் சார்."

"பிடிவாதமா?"

"பிடிவாதம் எல்லாம் இல்லை. அலுப்பா இருக்கு சார். அதை உள்ளேயே வச்சுக்கிட்டு இன்னும் பதினாலு மாசம் அந்த நாற்காலில உட்கார முடியாது."

ஆய்வாளர் சொன்னபடியேதான் நடந்தது. நீதிமன்றம் தையல்காரிக்குக் குறைந்தபட்ச அபராதம் விதித்தது. அந்த நான்கு வரிகளை அங்கே யாரும் படித்ததாகத் தெரியவில்லை. தையல் கூடத்துக்காரர் அவளை மெஷினிலிருந்து எடுத்துப் பொத்தான் தைக்கும் மேசையில் உட்கார வைத்தார். நிமிஷக்காரருடைய வருடாந்தர ஊதிய உயர்வு நின்றது. கேட்டிலிருந்து அவரை விலக்கி, தண்டவாளத்துக்கு மறுபுறம் இருந்த கருவிக் கிடங்கில் கடப்பாரையும் சுத்தியலும் எடுத்துக் கொடுக்கும் வேலையில் போட்டார்கள். அவருடைய வாக்குமூலத்தால் நிர்வாகத்தில் விளைந்த மாற்றம் ஒன்றே ஒன்று. கேட்டில் புதிதாக ஒரு பலகை முளைத்தது: வண்டி வரும் நேரத்தைப் பணியாளரிடம் கேட்பதும் அவர் தெரிவிப்பதும் தண்டனைக்குரிய குற்றம்.

அவருடைய வீடு இந்தப் பக்கம். கிடங்கு அந்தப் பக்கம். முதல் நாள் காலை அவர் கேட்டை நெருங்கும்போதே கம்பம் இறங்கிவிட்டது. புதிய கேட் கீப்பர் பூட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நிமிஷக்காரர் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். இருபத்தெட்டு ஆண்டுகளில் அவர் கேட்டுக்கு வெளியே நின்றதில்லை. உள்ளே இருந்தவருக்கு எட்டு நிமிடம் என்பது ஒரு வாய்த் தேநீர். இங்கே அது முடிவதாக இல்லை. கிடங்கின் தகரக் கூரை கண்ணெதிரே தெரிந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு தையல்காரி வந்து பக்கத்தில் நின்றாள்.

"என்னண்ணே, நீங்களும் எங்க கட்சியில சேர்ந்துட்டீங்களா?"

"சேர்த்துட்டாங்கம்மா."

"நான் இப்பல்லாம் அரை மணி நேரம் முன்னாடியே கிளம்பிடறேன். வேற வழி?"

அவர்களைத் தாண்டி இரண்டு பேர் வலையின் ஓட்டைக்குள் நுழைந்தார்கள். பின்னாலேயே மூன்றாவது ஆள், சாப்பாட்டுத் தூக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு. "நிக்கிறவங்க எல்லாம் வண்டிக்கு மாலை போடப் போறீங்களா?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டான் இரண்டாமவன். பாசஞ்சர்தான், இன்னும் ஐந்து நிமிடமாவது இருக்கும் என்று நிமிஷக்காரரின் மனம் கணக்குப் போட்டது. அவர் அறியாமலே ஒரு கை கம்பத்தைப் பற்றியது. இடுப்பு வளைந்தது. கிடங்கில் கையெழுத்துப் புத்தகத்தை எட்டே முக்காலுக்கு எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

தையல்காரி அவரைப் பார்க்கவில்லை. தடியின் மேல் இரு கைகளையும் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்தாள், கிழக்கே பார்த்தாள், மறுபடி மேற்கே பார்த்தாள்.

அவர் கம்பத்திலிருந்து கையை எடுத்து, கைக்குட்டையால் உள்ளங்கைத் துருவைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். வண்டி வந்து போகப் பதினோரு நிமிடம் ஆயிற்று. கிடங்கில் முதல் நாளே அவர் பெயருக்கு நேராகத் தாமதக் குறி விழுந்தது.