கோவிந்தன் பெட்டியும் என் பெட்டியும்

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் இதயப் பிரிவு வராண்டாவில் எங்கள் இருவரையும் அடுத்தடுத்து சக்கரப் படுக்கைகளில் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவன் கோவிந்தன், கல்வராயன் மலைக்காரன். வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் ஜீப் ஓட்டுகிறவன். நான் உளுந்தூர்பேட்டையில் இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவன். அன்று காலை இருவருக்கும் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், ஒரு பெட்டி வைக்க இருந்தார்கள்.

"பயமா இருக்குதாண்ணே?" என்று கேட்டான்.

"அதெல்லாம் இல்ல" என்றேன். பொய்தான்.

எனக்கு நோய் முதலில் தலைகாட்டியது களமருதூரில். நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது லாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே விழுந்தேன். கண் விழித்தபோது சட்டையெல்லாம் தண்ணீர். பழைய மாரடைப்பு ஒன்று இதயத்தில் தழும்பு விட்டுப் போயிருந்ததாம். அதனால் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா (இதயத்தின் கீழறைகள் தறிகெட்டு வேகமாகத் துடிப்பது). கோவிந்தனுக்கு நேரெதிர். ஹார்ட் பிளாக் (துடிப்பைக் கடத்தும் பாதை தடைபட்டு நாடி மிகவும் குறைந்துபோவது).

அவனுக்கு வைத்தது பேஸ்மேக்கர் (துடிப்பு குறையும்போது தூண்டிவிடும் கருவி). எனக்கு ஐ.சி.டி. (தறிகெட்ட துடிப்பை அடக்கும் கருவி, தேவைப்பட்டால் உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுக்கும்). வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இருவருக்கும் விரல் நீளத் தையல்.

வித்தியாசம் வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் தெரிந்தது. டாக்டர் முதலில் அவனிடம் பேசினார்.

"ஒரு மாசம் இடது கையை ரொம்ப தூக்காதீங்க. செக்கப்ல எல்லாம் சரியா இருந்தா அப்புறம் ஜீப் ஓட்டலாம்."

பிறகு என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார். "உங்க பெட்டி வேற. அது துடிப்பை அடக்குறதுக்குள்ள நினைவு தப்பிடலாம். லாரி இனிமே வேண்டாம்."

"எவ்ளோ நாளைக்குங்க?"

"எப்பவுமே வேண்டாங்க."

கூட வந்த என் மனைவி செல்வி அழுதாள். நான் அழவில்லை. கண்ணாடிக் கதவு வழியே, வெளியில் கோவிந்தன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விரல்கள் இனியும் கியர் போடும்.

உயிர் பிழைத்தவனுக்குப் பொறாமை வருமா என்று கேட்பீர்கள். வரும். லாரி புக்கிங் ஆபீஸில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாரம் தவறாமல் கோவிந்தன் போன் செய்வான். மலையில் மழை, ரோட்டில் மண் சரிவு, மரவள்ளிக் கிழங்கு லோடு என்று சொல்லிக்கொண்டே போவான். அன்பாகத்தான் பேசுவான். போனை வைத்ததும் எனக்குச் சோறு இறங்காது. அவனுடைய பெட்டி கெட்டுப்போகாதா என்றுகூட ஒருநாள் நினைத்தேன். இதை செல்வியிடம் சொன்னதில்லை.

லாரி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவனிடமும் சொன்னதில்லை. லீவில் இருப்பதாகத்தான் சொல்லிவைத்திருந்தேன்.

நான்காவது மாதம் மலைக்குக் கூப்பிட்டான். போனேன். மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, திரும்பும்போது அவன் மனைவியும் மகளும் கள்ளக்குறிச்சிக்கு வரப் பின்னால் ஏறிக்கொண்டார்கள். இறக்கம் ஆரம்பிக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினான்.

"ஓட்டுறீங்களாண்ணே? கை சும்மா இருந்து மரத்துப் போயிருக்கும்."

டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் இறங்கி மறுபக்கம் போய் உட்கார்ந்தேன். ஆறு வளைவுகள் ஓட்டினேன். அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியாது. பின்னால் அவன் மகள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதுவும் நடக்கவில்லை. கை வலிப்பதாகச் சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். இவனால் முடிவது என்னாலும் முடியும் என்ற நினைப்போடு வீடு வந்தேன்.

அடுத்த மாதம் செக்கப். நெஞ்சின் மேல் ஒரு வட்டக் கருவியை வைத்து, பெட்டி பதிவு செய்திருந்ததைத் திரையில் பார்த்தார் டாக்டர்.

"போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, காலைல பதினொரு மணி. என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"இன்னாங்க ஆச்சு?"

"பதினொரு செகண்ட் துடிப்பு தறிகெட்டு ஓடியிருக்கு. பெட்டி அதைவிட வேகமாத் தூண்டி அடக்கியிருக்கு. ஷாக் வரைக்கும் போகல. உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

"ஜீப் ஓட்டிக்கினு இருந்தேங்க" என்றேன். "மலையில."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என் தோளில் இருந்த கையை செல்வி எடுத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரை எனக்கு முன்னால் நடந்தாள். பிறகு ஒன்றுதான் சொன்னாள். "அந்தாளுக்கு நீயே சொல்லு."

அன்றே சொன்னேன். கோவிந்தன் முழுவதும் கேட்டான்.

"பின்னாடி எம் பொண்ணு இருந்துச்சேண்ணே" என்றான். போனை வைத்துவிட்டான். அதன் பிறகு போன் வரவில்லை.

பெட்டி வைத்துக்கொண்டவர்கள் இதைப் படித்தால், உங்களுடையது எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டாருக்கும் உடன் வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லுங்கள். அடுத்தவர் உடம்பைப் பார்த்து உங்கள் உடம்பை அளக்காதீர்கள். நான் அளந்தேன்.

ஆறு மாதம் கழித்து அதே வராண்டாவில் அவனைப் பார்த்தேன். பெஞ்சிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"உக்காருங்க" என்றான். அண்ணே என்று சொல்லவில்லை.

அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் வெளியே வந்தான். தலையை மட்டும் அசைத்துவிட்டு, ஜீப் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு போனான். எனக்கு அப்போதும் வயிறு எரிந்தது. அது போகவில்லை. போகும் என்று உங்களுக்குச் சொல்லவும் மாட்டேன்.

முன்பு எனக்கு நேரம் என்றால் திருச்சிக்கு இவ்வளவு, சென்னைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. இப்போது பதினொரு வினாடியும் எனக்குப் பெரிய தூரம். அதற்குள் எனக்குத் தெரியாமலே என் உடம்பில் ஒன்று தொடங்கி, முடிந்தும் போயிருக்கிறது. அப்போது நான் சந்தோஷமாக இருந்தேன். அதனால்தானோ என்னவோ, வலிக்கும்போது அல்ல, சிரிக்கும்போதுதான் இப்போதெல்லாம் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது.