திருப்பாத நான்கு நாள்

ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்தால் அத்தான் உடனே நிமிர மாட்டார். தலையைத் தொங்கவிட்டு, கால்களுக்கு நடுவே வீட்டுக் கூரையைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். "ஒட்டடை இருக்குன்னு இப்படியெல்லாமா சொல்லிக் காட்டணும்?" என்பாள் அக்கா.

போர்க்கப்பல் கட்டும் தளத்தில் அவர் வெல்டர். நான் அங்கேயே வரைபடப் பிரிவில். கப்பல் ஏழு மாதம் பின்தங்கிக் கிடந்தது. வேலை நேரத்தைக் குறைக்க யோசனை கேட்டு அறிவிப்பு ஒட்டினார்கள். தேறுகிறவருக்குத் திட்டப் பிரிவில் இடம், ஒரே இடம். அந்த நாற்காலியில் நான் மனதளவில் எப்போதோ உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாத உழைப்பு, நாற்பது பக்கம், வண்ண வண்ணமாக அட்டவணைகள்.

அத்தானிடம் இருந்தது ஒரே ஒரு விஷயம். கப்பலின் ஒவ்வொரு துண்டையும் கவிழ்த்துப் போட்டுத்தான் தகடுகளைப் பற்றவைப்பார்கள். முடிந்த கையோடு கிரேன் அதைத் திருப்பி நிமிர்த்தும். பிறகு வெல்டர்கள் அண்ணாந்து நின்று கூரையில் குழாய்த் தாங்கிகளைப் பொருத்துவார்கள்.

"திருப்பறத நாலு நாள் தள்ளிப் போட்டா போதும். கூரை காலடியில கிடக்கும்போதே தாங்கியெல்லாம் வச்சுடலாம். வரைஞ்சு குடு மச்சான், எனக்குக் கோடு நேரா வராது."

இவ்வளவுதானா என்று இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். வரைந்துகொடுத்தேன், அழகாகவே. தாங்கிகளும் சேர்ந்தால் எடை எவ்வளவு ஏறும், கிரேன் தூக்குமா என்பதை மட்டும் எழுதாமல் விட்டேன். முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதுவாகத்தான் இருந்தது. யோசனைகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் மேலாளர் கேட்டதும் அத்தான் என்னைப் பார்த்தார். நான் என் பேனா மூடியைப் பார்த்தேன்.

"இருநூத்திப் பன்னெண்டு தாங்கி சார். ஒண்ணு ஏழு கிலோ, தூக்கித் தூக்கிப் பழகின கை. எல்லாம் சேந்தாலும் ஒன்றரை டன்தான். கிரேனுக்கு இன்னும் மூணு டன் தெம்பு இருக்கு."

பதினோரு நாள் வேலை நான்கு நாளில் முடிந்தது. நாற்காலி அவருக்குப் போனது. வந்தவர் போனவரிடமெல்லாம் "படம் நம்ம மச்சான் போட்டது" என்று அவர் சொல்லும்போது எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும்.

அடுத்த வருடம் துணி மடித்துக்கொண்டே அக்கா பேச்சுவாக்கில் சொன்னாள். அறிவிப்பு வருவதற்கு முன்பே அத்தானின் வலது கை தோளுக்கு மேல் எழாமல் போயிருந்தது. அண்ணாந்து செய்யும் வேலையைக் கூட்டாளிகள்தான் மறைவாகச் செய்துகொடுத்திருக்கிறார்கள். வெல்டர்களுக்கான மருத்துவப் பரிசோதனை, தேறாவிட்டால் வேலையே போய்விடும் பரிசோதனை, அந்தக் கூட்டம் முடிந்த ஒன்பதாம் நாள் நடப்பதாக இருந்தது.